சீசன் முடிவதற்குள் தெளிய வேண்டும்

பெட்டி தலையில் இருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. தங்கை பின்னால் வருகிறாளா என்பதை அவள் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பண்பொழியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிற சாலையில் பாதித் தொலைவு வந்திருந்தோம். ஆவணி மாதம். மலைப்பக்கமிருந்து காற்று வந்து சாரலை முகத்தில் அடித்துவிட்டுப் போகும். உடனே வெயில் வரும். இரண்டு பக்கமும் கார் நெல் அறுப்புக்கு நின்றது. அறுக்க வந்த பெண்கள் வரப்பில் நின்று எங்களைப் பார்த்தார்கள். ஒருவன் பெட்டி சுமந்து முன்னால் போக, ஒரு பெண் வெறுங்கையோடு பின்னால் நடந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் விவரம் கேட்க மாட்டார்கள். புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

காலடிச் சத்தம் நின்றது. நானும் நின்றேன்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல அண்ணே. அந்தக் கொக்கு எந்திரிக்கட்டும்."

பெட்டியோடு சேர்த்து உடம்பைத் திருப்பினேன். வாய்க்கால் ஓரத்தில் ஒரு கொக்கு நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கழுத்து நரம்பு விண்விண் என்று தெறித்தது. கொக்கு தன் பாட்டுக்கு ஒரு மீனைக் கொத்தி விழுங்கி, கழுத்தை நீட்டி, பிறகு பறந்தது. அவள் நடந்தாள்.

இப்படி நிற்பதால்தான் அவளை அந்த வீட்டில் வேண்டாம் என்றார்கள். இப்படி நிற்கக் கற்றுக்கொண்டதால்தான் அவள் பிழைத்தாள். இரண்டும் ஒரே விஷயம் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அன்றைக்கு, தலையில் அந்தப் பெட்டியோடு, எனக்கும் பாதிதான் புரிந்திருந்தது.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வாசுதேவநல்லூரில் எங்களுக்கு இருந்த கொஞ்ச வயலும், கோயிலில் ஒரு கட்டளை நடத்தும் உரிமையும் அப்பா காலத்திலேயே கைமாறிப் போயின. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தங்கையைப் பண்பொழியில் கட்டிக் கொடுத்தது சித்தப்பா. நான் அப்போது புனலூரில் ஒரு மரக்கடையில் இருந்தேன். அதற்கு முன்னால் லாரியில் கிளீனர், ஏலத் தோட்டத்தில் சுமை தூக்குகிற வேலை, சிவகிரியில் ஒரு ஜவுளிக்கடையில் விரித்துக் காட்டிய துணியை மடித்து வைக்கிற வேலை. எதிலும் நிலைத்ததில்லை. ஒரு ஊரில் சாப்பாடும் படுக்கையும் அமைந்துவிட்டால் அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். தங்கை கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

மறு வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது நடக்கத் தொடங்கி, வாசலில் கோழியை விரட்டுகிற வயதில் காய்ச்சல் வந்தது. மாட்டுவண்டியில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே பிள்ளை போய்விட்டது. தங்கை அதை யாரிடமும் சொல்லவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றதும் மாப்பிள்ளை இறங்கி, பிள்ளையைத் தா என்று கையை நீட்டியபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் பேசவில்லை. அழவும் இல்லை.

பேசாததைக்கூட அந்த வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். அழாததைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் சாவு கேட்டு வருகிற பெண்கள் நேராக வந்து, செத்தவருக்கு மிகவும் வேண்டியவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அவளும் கூட அழ வேண்டும். ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்து, செத்தவரைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, இரண்டு பேரும் ஆடி ஆடி அழுது, பிறகு மூக்கைச் சிந்திவிட்டு விலகுவார்கள். அடுத்தவள் வருவாள். தங்கையை ஊர்ப் பெண்கள் வந்து கட்டினார்கள். அவள் அசையவில்லை. கட்டியவர்கள் கையை எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேய் என்றார்கள், பித்து என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கையில் தகடு கட்டினார்கள், திருமலைக்கோயில் படியெல்லாம் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். மாதங்கள் போயின. அவள் கொல்லையில் போய் உட்கார்ந்தால் யாராவது கையைப் பிடித்து எழுப்புகிறவரை அங்கேயே இருந்தாள்.

புனலூருக்குப் போகிற லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போனதும் தங்கையின் மாமியார் சோறு போட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னார்.

"எய்யா, நீ ஒருத்தந்தான் அவளுக்கு இருக்கே. குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போ. சீசன் முடியுததுக்குள்ள தெளிஞ்சிட்டா கொண்டாந்து விடு. நாங்க என்ன வேண்டாம்னா சொல்லுதோம்? தெளியலன்னு வையி, எம்புள்ளயும் எத்தனை நாளைக்கு ஒத்தையில கெடப்பான், சொல்லு?"

சிவகிரியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று அப்போதே சட்டம் வந்திருந்தது. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

குற்றாலத்துத் தண்ணீர் மூலிகை பட்டு வருவதால் கலங்கின புத்தியைத் தெளிய வைக்கும் என்று நம்பினார்கள். வெளியூரிலிருந்து சங்கிலி போட்டுக்கூட ஆள்களைக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். தலையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, பெரிய அருவிக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்துவார்கள். தண்ணீர் உச்சியில் விழ வேண்டும். கனமாக விழுந்தால் சீக்கிரம் தெளியும். திமிறினால் பிடித்துக்கொள்ளக் கூலிக்கு ஆள்கள் இருந்தார்கள். பெண்கள் பக்கத்துக்கு ஒருத்தி இருந்தாள். தோள் இரண்டும் பனைமட்டை அகலம். எப்போதும் ஈரச் சேலை. வெற்றிலை குதப்பிய வாய்.

"அண்ணாச்சி, நீரு அங்கன தள்ளி நில்லும்" என்றாள் முதல் நாள். "கத்துதாளேன்னு உள்ள வந்துராதீரும். கத்துனாத்தான் உள்ள கெடக்குதது வெளிய வரும்."

பெண்கள் பக்கத்துக்கு நான் போக முடியாது. மாற்றுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு பாறை ஓரத்தில் நின்றேன். பேசாமல் இருந்தவள் கத்தினாள். அருவிச் சத்தத்தையும் மீறி அது என் காதுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் பிடிக்கிறவள் முழங்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"கடிச்சிட்டா பாத்தேரா! பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு உம்ம தங்கச்சிக்கு. புத்திதான் கொஞ்சம் சரியில்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்காவிட்டால் மறுநாள் அவள் வர மாட்டாள்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற வேலை பிடித்திருந்தேன். கடைக்குப் பின்னால் விறகு போடுகிற அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் படுக்க இடம். காலையிலும் சாயங்காலமும் தங்கையை அருவிக்கு இழுத்துக்கொண்டு போவது, மற்ற நேரத்தில் கிளாஸ். ஆனி முழுவதும் இப்படிப் போனது. அவள் தெளியவில்லை. முன்னாலாவது கையைப் பிடித்தால் எழுந்து வருவாள். இப்போது எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே விறகு அடுக்குக்குப் பின்னால் போய் ஒடுங்கினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் வந்து சொல்லவும் இல்லை. இன்னும் கனமாகத் தண்ணீர் விழ வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆடி பிறந்ததும் மலையில் விடாமல் மழை பெய்து, அருவி செம்மண் நிறத்தில் கொட்ட ஆரம்பித்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி யாரையும் கிட்டே விடவில்லை.

"வடியட்டும் அண்ணாச்சி" என்றாள் பிடிக்கிறவள். "விட்டதுக்கெல்லாம் சேத்து ரெண்டு பங்கா நிப்பாட்டிருதேன்."

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மத்தியானம் அறைக்கு வந்து பார்த்தால் தங்கையைக் காணோம். வெள்ளத்தில் விழுந்திருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கயிற்றுப் பக்கம் ஓடினேன். அருவிக்கு அடியில் நுரை பொங்கிக்கொண்டு நின்ற பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். அங்கே நின்ற போலீஸ்காரர், பெண்பிள்ளை யாரும் இந்தப் பக்கம் வரவில்லை என்று சத்தியம் செய்தார். விறகு சுமந்து இறங்கிய ஒருவர், செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிற பாதையில் ஒரு பெண்ணைப் பார்த்ததாகச் சொன்னார்.

பாதையில் கொஞ்ச தூரம் ஏறினால் இடது கைப்பக்கம் ஒரு சின்ன ஓடை. அருவி இல்லை, பெயரும் இல்லை; முழங்கால் அளவுத் தண்ணீர். மேலே மரங்கள் அடர்ந்திருந்ததால் அருவியின் இரைச்சல் அங்கே பாதிதான் கேட்டது. அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் கால்களை விட்டிருந்தாள். பக்கத்தில் கொஞ்சம் பழுத்த இலைகள். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விடுவாள். அது சுழன்று, பாறையில் முட்டி, விலகி, கண்ணுக்கு மறைகிறவரை பார்ப்பாள். பிறகு அடுத்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். கண் ஒரு இடத்தில் நின்றது. பல மாதங்களாக அந்தக் கண் எதன்மேலும் நின்று நான் பார்க்கவில்லை. நானும் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது எனக்கு. ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தேன். இன்னொன்றை எறிந்தேன்.

"கல்லைப் போடாத அண்ணே" என்றாள். "எலை போற வழியில விழுது."

அவ்வளவுதான். பிள்ளை செத்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. நான் கையிலிருந்த கல்லை ஓசைப்படாமல் கீழே வைத்தேன்.

வெள்ளம் வடிந்த பிறகும் நான் அவளை அருவிக்குக் கூட்டிப்போகவில்லை. பிடிக்கிறவள் இரண்டு தடவை டீக்கடைக்கு வந்து கேட்டாள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். தங்கை விடிந்ததும் தானாகவே எழுந்து ஓடைக்குப் போனாள். போகிற வழியில் அவசரமே இல்லை. கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வைப்பாள். ஈர மண், பிறகு பாறை, பிறகு வேர். ஓரிடத்தில் நின்று மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். ஓடையில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை. ஒரு நாள் நானாகக் கேட்டேன், அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று.

"அந்தப் பாறைக்கிட்ட தண்ணி ரெண்டாப் பிரியுது, பாரு. அதப் பாக்குதேன். பாத்துக்கிட்டே இருக்கும்போது பிள்ளை நெனப்பு வருது. மொதல்ல எல்லாம் அது வந்தா மூச்சு நின்னு போவும். இப்ப அதையும் பாக்குதேன். கொஞ்ச நேரம் இருக்கு. பெறவு போவுது. திரும்பத் தண்ணியப் பாக்குதேன்."

"இப்படியே உக்காந்திருந்தா கிறுக்குப் பிடிச்சிராதா புள்ள?"

"பிடிச்சிருக்குன்னுதான கூட்டிட்டு வந்திருக்கே?" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் முயன்று பார்த்தேன். அவள் சொன்ன பாறையையே பார்த்தேன். ஒரு பீடி தீர்கிற நேரம்கூட என்னால் முடியவில்லை. டீக்கடைக்காரர் தேடுவாரே என்று தோன்றியது. கொல்லத்தில் முந்திரிக் கம்பெனியில் ஆள் எடுப்பதாக யாரோ சொன்னது நினைவு வந்தது. அட்டை ஏறுகிறதா என்று காலைப் பார்த்தேன். எழுந்துவிட்டேன். அந்த மருந்து எனக்கு இறங்கவே இல்லை.

ஆடி கடைசியில் ஒரு நாள் சோற்றுப் பொட்டலத்தோடு போனபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். உரக்க அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கால் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. ஒரு கை தண்ணீரைத் தொட்டபடி இருந்தது. வெகுநேரம் அழுதாள். இடையில் பிள்ளையின் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு ஓடைத் தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள். என்னைப் பார்த்ததும், "பசிக்கி அண்ணே" என்றாள். பொட்டலத்தைப் பிரித்து முழுவதும் சாப்பிட்டாள்.

அவள் கடைத்தெருவில் நடந்து போவதைப் பார்த்து, பிடிக்கிறவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாத்தேரா அண்ணாச்சி? நம்ம கை பட்டுத் தெளியாத ஆளு கிடையாது. ஒரு சேலை எடுத்துத் தாரும்."

இப்போது வாரப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். காட்டுக்குப் போய் உட்காருங்கள், தண்ணீரைப் பாருங்கள், மூச்சைக் கவனியுங்கள், மனப்புண் ஆறும் என்று. பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற பெண்ணின் படம். படிக்கும்போது பொய் என்று எனக்குத் தோன்றுவதில்லை. ஆறும், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுந்து எந்த வீட்டுக்குப் போவது என்பதைத்தான் ஒருவரும் எழுதக் காணோம்.

ஆவணியில் அவளைப் பண்பொழிக்குக் கூட்டிப் போனேன். மாமியார் வாசலுக்கே வந்து, "வா தாயி" என்று நெற்றியில் திருநீறு இட்டார். அந்தப் பாசம் பொய் இல்லை. தங்கை எல்லோரையும் பெயர் தவறாமல், முறை தவறாமல் விசாரித்தாள். மாப்பிள்ளை நெல் அவிக்கிற இடத்திலிருந்து ஓடி வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், "பஸ்ஸுல கூட்டமா மச்சான்?" என்று கேட்டார். நாங்கள் நடந்து வந்திருந்தோம். ஆமாம் என்றேன்.

அன்றைய சமையலை அவளையே செய்யச் சொன்னார்கள். எல்லோருக்கும் அது ஒரு பரீட்சை என்று தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் அரிசி களைந்தாள். தண்ணீரில் கையை விட்டு அரிசியை மெதுவாகக் கிளறி, கழுநீர் தெளிகிறவரை பார்த்து, பிறகு வடித்தாள். மலைமேல் மழை இறங்குகிற சத்தம் கேட்டபோது அகப்பையைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றாள். மாமியார் அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நின்னுட்டே?"

"மழை வருது அத்தை. கேக்கேன்."

"மழையக் கேக்குததுக்கு என்னட்டி இருக்கு?"

சாப்பாடு பிந்தியது. ஆனால் மாப்பிள்ளை இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார். அவள் ஊற்றும்போது நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மாமியாரும் அதைப் பார்த்தார். என் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. விட்டுவிட்டுக் கொல்லத்துக்குப் போய்விடலாம், முந்திரிக் கம்பெனியைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போதே தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். தெளிந்து வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, போன வருஷம் அழாமல் விட்ட அழுகையை அழுது தீர்க்க வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வாசலிலிருந்தே குரலெடுத்துக்கொண்டு வந்து தங்கையைக் கட்டினாள்.

"எந்தாயே, கோழிக்குஞ்சு பொறத்தால ஓடிச்சே, கொலுசு குலுங்க ஓடிச்சே..."

தங்கை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "அழாதீங்க பெரியத்தை. உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டா?" என்றாள்.

பெரியத்தையின் அழுகை பாதியில் நின்றது. அடுத்து அழத் தயாராக முந்தானையை எடுத்தவளும் நின்றாள்.

"ஏட்டி, உம்பிள்ளைக்குத்தானட்டி அழுதோம்?"

"தெரியும் பெரியத்தை. நான் அழுதாச்சு."

"எங்கன வச்சு அழுதே? யாரு கூட அழுதே?"

"ஓடைக்கிட்ட வச்சு. தனியா."

எல்லாப் பெண்களும் மாமியாரைப் பார்த்தார்கள். பைத்தியம்தான் தனியாக உட்கார்ந்து அழும். தெளிந்தவளுக்கு அழுவதற்குத் தோள் வேண்டும். அவர்களுக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. கெட்டவர்கள் இல்லை அவர்கள். அறுப்பு வேலையைப் போட்டுவிட்டு அவளுக்காக அழ வந்தவர்கள்.

நான் தங்கையைக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன்.

"ஒரு ரெண்டு நிமிசம் அழுது விட்டுரு புள்ள. ஒப்புக்காவது. பெரியத்தை தோளுல மூஞ்சிய வச்சுக்கிட்டா கண்ணீரு வந்திச்சா வரலையான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"சிவகிரிக்காரி வந்து இந்த அடுக்களையில நிப்பா. பரவால்லையா?"

அவள் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அந்த வீடும் அந்த மனிதரும் வேண்டாம் என்று அவளுக்கு இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

"பிள்ளைக்குன்னு எங்கிட்ட இருந்தது அந்த ஒரு அழுகைதான் அண்ணே" என்றாள். "அத நெசமா அழுதுட்டேன். இனி அதை வச்சுக் கூத்துக் கட்ட முடியாது."

உள்ளே மாமியார் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். "வாய் தொறந்திருக்கு, மனசு தொறக்கல. பெத்த வயிறா இது? உலை கொதிக்கையில மழையக் கேக்குதா. நாளைக்கு ஒரு பிள்ளை பெத்து, அது கெணத்துக்கிட்டப் போவுதப்ப இவ நின்னு காத்தக் கேட்டுக்கிட்டு இருந்தா?" மாப்பிள்ளை வெளியே வந்தார். என்னிடம் வந்து, "அம்மா சொல்லுததும்..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து என் தலையில் தூக்கி வைத்தார். அந்த உதவியைச் செய்தார். தங்கை மாமியார் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

செங்கோட்டை வந்ததும் ஸ்டேஷன் பக்கம் திரும்பினேன். புனலூருக்கு ரயில் ஏறுவது, பழைய மரக்கடையில் கேட்பது, இல்லையென்றால் கொல்லம். இதுதான் என் திட்டம். அவள் குற்றாலச் சாலை முகப்பில் நின்றுவிட்டாள்.

"நான் அங்கன வரல அண்ணே. குத்தாலத்துக்குப் போறேன்."

"சீசன் முடிஞ்சாச்சு. ஒரு ஈ காக்கா இருக்காது."

"அப்ப நல்லது."

"நீ ஓடையில காலத் தொங்கப் போட்டுட்டு உக்காந்துக்குவே. சோத்துக்கு நான் எங்கன போவேன்? இலையவா திங்கப் போறே?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஊர் ஊராகப் போனால் மறுபடியும் அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும், பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. பெட்டியை மறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு குற்றாலச் சாலையில் நடந்தேன்.

இலஞ்சியைத் தாண்டும்போது நன்றாக நனைந்துவிட்டோம். குற்றாலம் போய்ச் சேர்ந்தால் டீக்கடை பலகை போட்டு மூடியிருந்தது. கடைக்காரர் தென்காசியில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். வெளியே கிடந்த பெஞ்சை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் பெட்டிமேல் சாய்ந்துகொண்டேன்.

காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு வேலை தேடிப் போனேன். தங்கும் விடுதிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மலையடிவாரத்தில் ஒரு மங்குஸ்தான் தோட்டத்தில் காய் பழுத்துக்கொண்டிருந்தது. அங்கே ஆள் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி தலையில் துண்டு கட்டிக்கொண்டு வேலி ஓரம் நின்றார்.

"கொரங்கு வெரட்டுவியாலே?"

"வெரட்டுவேன் அண்ணாச்சி."

"அங்கன ஒரு பரண் கெடக்கு. தகரம் இருக்கு, கட்டை இருக்கு. வெளிச்சம் வந்ததும் அடிக்க ஆரம்பிச்சா பொழுது சாயுத வரைக்கும் கை நிக்கக் கூடாது. சத்தம் நின்னா மறு நிமிசம் கொரங்கு மரத்துல இருக்கும். படுக்க அந்தக் குடிசை."

"கூடத் தங்கச்சி இருக்கா."

"அவளுக்கும் ஒரு தகரம் தாரேன். ரெண்டு பேரா அடிங்க."

"அவ அடிக்க மாட்டா. அவளுக்கும் சேத்து நானே அடிக்கேன்."

அவர் தங்கையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி என்றார். தோட்டத்தை ஒட்டி மலையிலிருந்து ஒரு கால்வாய் வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். போய்க் கரையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள். நான் பரணில் ஏறி, மண்ணெண்ணெய்த் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்டையால் ஓங்கி ஒரு அடி அடித்தேன். மரங்களுக்குள்ளே என்னவெல்லாமோ சடசடவென்று ஓடின. அவள் திடுக்கிட்டுக் காலை எடுத்தாள். பிறகு எழுந்து, கால்வாயை ஒட்டியே கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்தாள். நான் அடித்தேன். இன்னும் கொஞ்சம் மேலே போனாள். மரங்கள் மறைத்தபோது அவள் சேலை நிறம் தெரிகிறதா என்று பார்க்க நான் கையை நிறுத்தினேன்.

"ஏலே, அதுக்குள்ள என்னலே தூக்கம்?" என்று கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார்.

நான் கட்டையை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.